முதலில் எழுத்தை மாற்றுங்கள், அப்புறம் மென்பொருள்: சந்தாவை விட்டு வெளியே வரும் ஒரு மதுரை டிடிபி கடை

கீழமாசிவீதி டிடிபி (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம் நண்பர்களே.

கீழமாசி வீதிப் பக்கம் மூன்று கணினி வைத்து டிடிபி கடை நடத்துகிறேன். கல்யாணப் பத்திரிகை, காதணி விழா ஃபிளெக்ஸ், பில் புக், பிட் நோட்டீஸ், கண்ணீர் அஞ்சலி போஸ்டர் என்று மதுரையில் ஒரு டிடிபி கடைக்கு என்னென்ன வருமோ அத்தனையும் வரும். பக்கம் அமைக்கும் பேஜ்மேக்கரில் கை பழகி, வரைவதற்குக் கோரல், படம் திருத்தப் போட்டோஷாப் என்று வந்தவன். எட்டு மாதமாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டற்ற மென்பொருளுக்கு (யாரும் பயன்படுத்தவும் திருத்தவும் பகிரவும் உரிமை தருவது) மாறிக்கொண்டிருக்கிறேன். எது நடந்தது, எது நடக்கவில்லை என்று எழுதிவைத்தால் இன்னும் நாலு கடைக்காரர்களுக்கு உதவும் என்றுதான் இந்த இழை.

மாற வேண்டும் என்று முதலில் தோன்றியது பணத்தால் இல்லை. செல்லூரிலிருந்து ஒருவர் வந்தார். அவருடைய அப்பாவுக்குப் பத்தாம் ஆண்டு நினைவு அஞ்சலி போஸ்டர். அப்பா இறந்தபோது கண்ணீர் அஞ்சலி போஸ்டர் அடித்துக் கொடுத்ததும் நாங்கள்தான். "அதே படம், அதே எழுத்து. பத்தாம் ஆண்டுன்னு மட்டும் மாத்திக் கொடுங்க" என்றார். கோப்பு இருந்தது. திறந்தால் தமிழுக்குப் பதில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் அடைப்புக்குறியுமாக வரிசை கட்டி நின்றது. அந்த எழுத்துரு இருந்த ஹார்டு டிஸ்க் போய் நாலு வருடம் ஆகிறது. அதை விற்ற ஆளும் தொழிலை விட்டுவிட்டார். நல்லவேளையாக அவர் பழைய போஸ்டர் ஒன்றை நாலாக மடித்து எடுத்து வந்திருந்தார். அதைப் பார்த்துப் பார்த்து மறுபடி அடித்தேன். பேரன், பேத்தி பெயர்கள் மட்டும் இருபத்தாறு. முடியும் வரை அவர் என் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டே இருந்தார்.

அதே மாதம் இன்னொன்றும் நடந்தது. தானாகக் கழியும் பணத்துக்குக் கூடுதல் சரிபார்ப்பு வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2021 அக்டோபரிலிருந்து விதி கொண்டுவந்தது உங்களுக்குத் தெரிந்திருக்கும். நமக்குப் பாதுகாப்பான விதிதான். ஆனால் அனுமதி கேட்டு வந்த குறுஞ்செய்தி கண்ணில் படவில்லை, சந்தா கழியவில்லை, மென்பொருள் பூட்டிக்கொண்டது. மறுநாள் முகூர்த்தம். மூன்று ஃபிளெக்ஸ் விடிவதற்குள் மண்டப வாசலில் நிற்க வேண்டும். நெல்பேட்டையில் ஒரு நண்பரின் கடையைத் திறக்கச் சொல்லி இரவு முழுக்க அங்கே உட்கார்ந்து முடித்தேன். எந்த மென்பொருள், எந்த வங்கி என்பது இங்கே தேவையில்லை.

இரண்டையும் சேர்த்து யோசித்தபோதுதான் உறைத்தது. கோப்பு என் கடையில் இருக்கிறது, அதைத் திறக்கும் சாவி என்னிடம் இல்லை. ஒரு சாவி எழுத்துரு விற்றவரிடம், இன்னொன்று மென்பொருள் கம்பெனியிடம்.

இதைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லாரும் போட்டோஷாப்புக்குப் பதில் கிம்ப், கோரலுக்குப் பதில் இங்க்ஸ்கேப், பேஜ்மேக்கருக்குப் பதில் ஸ்கிரைபஸ் என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். சரிதான். ஆனால் தமிழில் தொழில் செய்கிறவருக்கு அது இரண்டாவது வேலை. நம் பழைய கோப்புகளில் இருப்பது தமிழே இல்லை. ஆங்கில எழுத்துகளின் மேல் தமிழ் வடிவத்தைப் போர்த்திய எழுத்துருக்கள். பாமினி ஒரு வரிசை, வானவில் ஒரு வரிசை, ஸ்ரீலிபி ஒரு வரிசை. எழுத்துரு போனால் எழுத்தே போச்சு. தமிழைத் தமிழாகவே கணினியில் வைக்கும் குறியீட்டு முறைகளான யுனிகோடும் டேஸ்16-உம்தான் தரம் என்று தமிழ்நாடு அரசு 2010-இலேயே ஆணை போட்டுவிட்டது. நாம்தான் டிடிபியில் இன்னும் பழைய எழுத்துருவிலேயே ஓட்டிக்கொண்டிருக்கிறோம்.

ஆகவே நான் முதல் மூன்று மாதம் புது மென்பொருள் எதையும் தொடவில்லை. கோரலிலேயே இருந்துகொண்டு, புதிதாக வரும் வேலை அத்தனையையும் யுனிகோடில் அடித்தோம். பழைய வாடிக்கையாளர் யாராவது வந்தால் அவருடைய கோப்பை மட்டும் என்எச்எம் கன்வெர்ட்டரில் போட்டு மாற்றிவைத்தோம். நாலாவது மாதம் இங்க்ஸ்கேப்பைத் திறந்தபோது அதிர்ச்சி எதுவும் இல்லை. ஒட்டிய தமிழ் அப்படியே தமிழாக நின்றது.

இப்போது மூன்று கணினியில் இரண்டு முழுக்கக் கட்டற்ற மென்பொருளில் ஓடுகிறது. ஒன்றில் கோரல் இருக்கிறது, பழையதைத் திறக்க. கேள்வி இருந்தால் கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்.

சிம்மக்கல் கோரல்

அண்ணே, எழுத்து விஷயம் நூற்றுக்கு நூறு. ஆனால் எனக்கு மூன்று சந்தேகம்.

ஒன்று, சிவகாசிக்கு வேலை அனுப்பினால் கோரல் ஃபைலையே கேட்கிறார்கள். கடைசி நேரத்தில் ஒரு பெயர் விட்டுப்போனால் அங்கேயே திருத்திக்கொள்ள வசதி. இரண்டு, வேகம். என்னிடம் இருக்கும் பையன் கண்ணை மூடிக்கொண்டு பவர்கிளிப் போடுவான். பூப்புனித நீராட்டு விழா ஃபிளெக்ஸில் தாய்மாமன் படம் மட்டும் பன்னிரண்டு வரும், எல்லாம் வட்டத்துக்குள் வெட்டி வைக்க வேண்டும். மூன்று, அலங்கார எழுத்து. பத்திரிகைத் தலைப்புக்கு யுனிகோடில் என்ன எழுத்துரு இருக்கிறது? எல்லாம் செய்தித்தாள் மாதிரி நேராக நிற்கிறது. மாப்பிள்ளை வீட்டார் பார்த்தவுடன் 'ஒரு களை இல்லையே' என்கிறார்கள்.

கீழமாசிவீதி டிடிபி

தம்பி, மூன்றுமே நியாயமான கேள்வி.

வேகம் முதலில். இங்க்ஸ்கேப்பின் விருப்பத்தேர்வுகளில் விசைப்பலகை என்ற பகுதிக்குப் போனால் கோரலின் குறுக்குவிசைத் தொகுப்பு தயாராகவே இருக்கிறது. அதைத் தேர்ந்தெடுத்தால் கை பாதி பழகிவிடும். பவர்கிளிப்புக்குப் பதில் இங்கே கிளிப். படத்தின் மேல் வட்டத்தை வைத்து, இரண்டையும் தேர்ந்தெடுத்து, கிளிப் போட வேண்டும். கோரலில் உள்ளே போய்ப் படத்தை நகர்த்துவது இன்னும் சுலபம் என்பதை ஒத்துக்கொள்கிறேன். என் கடைப் பையனுக்குப் பழைய வேகம் வர ஆறு வாரம் ஆனது. அந்த ஆறு வாரத்தை வைகாசி முகூர்த்தக் காலத்தில் வைத்துக்கொள்ளாதீர்கள். நான் ஆடியில் ஆரம்பித்தேன்.

எழுத்துரு. கூகுள் எழுத்துருத் தொகுப்பில் நம் ஊர்ப் பெயரிலேயே ஹிந்த் மதுரை இருக்கிறது, அரிமா மதுரை என்று வந்தது இப்போது அரிமா என்ற பெயரில் இருக்கிறது, பார்த்திருக்கிறீர்களா? இரண்டும் திறந்த உரிமம், அச்சுக்கும் தாராளமாகப் பயன்படுத்தலாம். ஃபிளெக்ஸ் தலைப்புக்கு பலூ தம்பி நன்றாக உருண்டு தடித்து நிற்கும். கையெழுத்துச் சாயலுக்குக் கவிவாணர். பில் புக், நோட்டீஸ் உள்ளடக்கத்துக்கு முக்தா மலர், நோட்டோ செரிஃப் தமிழ். ஆனால் நீங்கள் சொல்கிற கொடிச் சுருள் வைத்த பத்திரிகைத் தலைப்பு எழுத்து யுனிகோடில் இன்னும் குறைவு. அதற்கு நான் செய்வது இதுதான்: தலைப்பின் இரண்டு சொல்லை மட்டும் பழைய எழுத்துருவில் அடித்து உடனே கர்வ் (எழுத்துரு தேவைப்படாத கோட்டு வடிவம்) ஆக்கிவிடுகிறேன். மணமக்கள் பெயர், நாள், மண்டபம், உறவினர் பட்டியல் எல்லாம் யுனிகோடு. பத்து வருடம் கழித்து எது திருத்த வேண்டியிருக்குமோ அது எழுத்தாக இருந்தால் போதும்.

சிவகாசி கேள்விக்கு அச்சகத்துக்காரர் யாராவது பதில் சொன்னால் நல்லது.

கப்பலூர் ஆஃப்செட்

நான் சொல்கிறேன். எங்களுக்குக் கோரல் ஃபைலும் வரும், பிடிஎஃப்பும் வரும். பிளேட் (அச்சுத் தகடு) போடுகிற இடத்தில் எதுவாக இருந்தாலும் கடைசியில் பிடிஎஃப் ஆகத்தான் போகிறது. ஒழுங்கான பிடிஎஃப் கொடுத்தால் எங்களுக்குத் தலைவலி குறைவு. எழுத்துரு இல்லை என்று இரவு பத்து மணிக்கு யாருக்கும் போன் போட வேண்டியதில்லை.

ஆனால் 'ஒழுங்கான' என்ற சொல்லை அடிக்கோடு போட்டுக்கொள்ளுங்கள். இங்க்ஸ்கேப்பிலிருந்து நேராக வரும் பிடிஎஃப்பில் நிறம் எல்லாம் ஆர்ஜிபி, அதாவது திரைக்கான சிவப்பு, பச்சை, நீலக் கலவை. கறுப்பு எழுத்தும் ஆர்ஜிபி கறுப்பு. அது அச்சுக்கான நாலு நிறமாகப் பிரியும்போது ஒரே எழுத்து நாலு பிளேட்டிலும் ஏறிவிடும். எட்டு பாயிண்ட் எழுத்தில் ஒரு பிளேட் மயிரிழை நகர்ந்தாலும் ஓரத்தில் சிவப்பும் நீலமும் நிழல் அடிக்கும். போன வருடம் ஒரு கோயில் கும்பாபிஷேகப் பத்திரிகை இப்படித்தான் வந்தது. ஆயிரம் தாள் ஓடிய பிறகுதான் எங்கள் மிஷின்மேன் கண்ணில் பட்டது. அந்தத் தாள் அத்தனையும் வீண்.

அதற்குத்தான் ஸ்கிரைபஸ். அதில் சிஎம்ஒய்கே என்ற அச்சின் நாலு நிற முறை முதலிலிருந்தே உண்டு. எழுத்தைக் கறுப்பு மட்டும் 100 என்று வைக்கலாம், நிறம் மாறாமல் காக்கும் ஐசிசி புரொஃபைல் வைக்கலாம், அச்சுக்கென்றே உள்ள பிடிஎஃப்-எக்ஸ் ஆக எடுக்கலாம். இங்க்ஸ்கேப்பில் வரைந்த எஸ்விஜி கோப்பை ஸ்கிரைபஸுக்குள் கொண்டுவந்தால் அதன் நிறங்கள் தனிப் பெயரோடு நிறப் பட்டியலில் வந்து உட்காரும். அந்தப் பட்டியலில் ஆர்ஜிபி கறுப்பைத் தேடி, நம்முடைய கறுப்பை மாற்றாகக் கொடுத்தால் பக்கம் முழுக்க ஒரே அடியில் மாறிவிடும். சுற்றிலும் 3 மிமீ பிளீடு (வெட்டும்போது போகும் கூடுதல் ஓரம்) விடுங்கள். இவ்வளவு செய்து அனுப்பினால் நான் எந்த மென்பொருள் என்றே கேட்க மாட்டேன்.

கடைசி நேரத் திருத்தம் பற்றி ஒரு வார்த்தை. அச்சகத்தில் திருத்தினால் அந்தத் திருத்தம் உங்கள் கோப்பில் இருக்காது. அடுத்த வருடம் அதே தப்போடு மறுபடி வரும். உங்கள் கடையில் திருத்தி புது பிடிஎஃப் அனுப்புவதுதான் இரண்டு பேருக்கும் நல்லது.

மெய்ப்பு அக்கா

இருபது வருடமாக மெய்ப்புத் திருத்துகிறவள். மென்பொருள் பற்றி எனக்கு அதிகம் தெரியாது. பழைய எழுத்துருவிலிருந்து யுனிகோடுக்கு மாற்றிய கோப்புகளில் என்னென்ன பிழை வருகிறது என்று மட்டும் சொல்கிறேன். மாற்றினோம், முடிந்தது என்று யாரும் நினைத்துவிடக் கூடாது.

முதலாவது 'கௌ'. பழைய எழுத்துருவில் கௌரி என்று அடிக்க ஒற்றைக்கொம்பு, க, அப்புறம் ள என்று மூன்று தட்டு தட்டுவார்கள். தாளில் பார்க்க ஒரு குறையும் இருக்காது. யுனிகோடுக்கு மாற்றும்போது கணினி அதைக் 'கெள' என்றே எடுத்துக்கொள்கிறது. அதாவது கெ, அதன் பக்கத்தில் ஒரு ள. கண்ணுக்குக் 'கௌரி'யும் 'கெளரி'யும் கிட்டத்தட்ட ஒன்றுபோலத்தான் தெரியும். ஆனால் தேடினால் கிடைக்காது, அகர வரிசை தப்பும், எழுத்துருவை மாற்றினால் இடைவெளி விழுந்து அசிங்கமாகத் தெரியும். மௌனம், சௌந்தரம், பௌர்ணமி எல்லாம் இதே கதை. மதுரையில் சௌராஷ்டிரர்கள் எத்தனை பேர் இருக்கிறார்கள், அவர்கள் பத்திரிகையில் அந்தச் சொல்லே பிழையாகப் போனால் நன்றாகவா இருக்கும்?

இரண்டாவது காலும் ரகரமும். அவசரத்தில் 'ா' வர வேண்டிய இடத்தில் 'ர' தட்டியிருப்பார்கள், 'ர' வர வேண்டிய இடத்தில் கால் போட்டிருப்பார்கள். அச்சில் தெரியாது. மாற்றிய பிறகு எழுத்தே உடைந்து புள்ளி வட்டம் தோன்றும். அது தோன்றினால் நல்லது, கண்டுபிடித்துவிடலாம். தோன்றாமல் ஒளிந்திருப்பதுதான் ஆபத்து.

ஒவ்வொரு கோப்பையும் மாற்றியவுடன் 'ெள' என்று ஒரு தேடல் போடுங்கள். வருகிற இடத்தை எல்லாம் கண்ணால் பார்த்து மாற்றுங்கள். மொத்தமாக மாற்றிவிடாதீர்கள். வெள்ளி, தெள்ளமுது எல்லாம் அதில் சிக்கிக்கொள்ளும்.

நம் ஊர்ப் பெயரில் ஒரு பெரிய முன்னுதாரணம் இருக்கிறது. மதுரைத் திட்டம் 1998 பொங்கலன்று தொடங்கியது. தன்னார்வலர்கள் சங்க இலக்கியம் முதலானவற்றைத் தட்டச்சு செய்து இணையத்தில் இலவசமாக வைத்தார்கள். யுனிகோடு பரவாத காலத்தில் தகுதரம் (டிஸ்கி) என்ற பழைய எழுத்துக் குறியீட்டில் போட்டதை எல்லாம் பிற்பாடு யுனிகோடுக்கு மாற்றினார்கள். அவ்வளவு பெரிய தொகுப்பையே மாற்ற முடிந்தது என்றால் ஒரு கடையின் கோப்புகளை மாற்ற முடியாதா?

கீழமாசிவீதி டிடிபி

அக்கா, நீங்கள் எழுதியதை அச்செடுத்துக் கடையில் ஒட்டிவிட்டேன். 'கெள' எங்கள் கோப்புகளில் எத்தனை இருக்கிறது என்று இன்றுதான் தேடினேன். ஒரே ஒரு நகைக்கடை விலைப்பட்டியலில் பதினேழு.

திருமங்கலம் போட்டோ

நான் கல்யாண போட்டோகிராபர். என் பக்கத்துக் கதை வேறு. எனக்குத் தமிழ் எழுத்து ஆல்பத்தின் முதல் பக்கத்தில் மட்டும்தான் வரும். எனக்குச் சிக்கல் பிஎஸ்டி (போட்டோஷாப் கோப்பு) டெம்பிளேட்.

ரா படங்களை (கேமரா தரும் மூலப் படங்கள்) திருத்த ஒரு வருடமாக டார்க்டேபிள் என்ற கட்டற்ற மென்பொருள்தான். இரண்டு வாரம் கஷ்டப்பட்டேன், அதன் முறையே வேறு. பழகிய பிறகு, மண்டபத்தில் மஞ்சள் விளக்கும் வீடியோ விளக்கும் கலந்து அடிக்கிற முகத்துக்கு இதில் கிடைக்கிற தோல் நிறம் எனக்குப் பிடித்திருக்கிறது. இன்னொரு நல்ல விஷயம், நாம் செய்த திருத்தம் ஒவ்வொரு படத்துக்குப் பக்கத்திலும் ஒரு சின்னக் கோப்பாகப் போய் உட்காருகிறது. கார்டு, படம், திருத்தம் எல்லாம் ஒரே ஹார்டு டிஸ்க்கில். எங்கும் மேகத்தில் இல்லை.

ஆனால் ஆல்பம் டிசைன் கிம்ப்பில் முடியவில்லை. முடியவில்லை என்றால், முடியும், ஆனால் நான் விலை கொடுத்து வாங்கிய 12×36 டெம்பிளேட்டுகள் ஒழுங்காக வருவதில்லை. எழுத்து அடுக்கு எல்லாம் வெறும் படமாக வருகிறது, ஸ்மார்ட் ஆப்ஜெக்ட்டும் (அசல் கெடாமல் மாற்றக்கூடிய படம்) அப்படியே. 2025 மார்ச்சில் கிம்ப் 3 வந்த பிறகு நிலைமை தேறியிருக்கிறது. ஃபில்டரைப் போட்டுவிட்டுப் பிறகு திரும்பி வந்து மாற்றலாம், முன்பு அது கிடையாது. ஆனாலும் ஒரு கல்யாணத்துக்கு நாற்பது ஷீட், மாதத்துக்கு ஆறு கல்யாணம் என்று ஓடும்போது எனக்குப் போட்டோஷாப் ஒரு கணினியில் வேண்டும். அதற்குச் சந்தா கட்டுகிறேன். முன்பு மூன்று கணினிக்குக் கட்டினேன், இப்போது ஒன்று. இதைத் தோல்வி என்று நான் நினைக்கவில்லை.

கீழமாசிவீதி டிடிபி

நானும் நினைக்கவில்லை அண்ணே. தொழில் முதலில். கிம்ப்பில் நானும் ஒன்றில் அடிபட்டேன்: 20×10 அடி ஃபிளெக்ஸை அசல் அளவில் 72 டிபிஐ என்று திறந்தால் அகலம் 17,280 புள்ளி, உயரம் 8,640. ஒரு அடுக்குக்கே கிட்டத்தட்ட 600 எம்பி நினைவகம் போகும். பத்து அடுக்கு போட்டால் கணினி திணறி நிற்கிறது. இப்போது கால் அளவில் செய்கிறோம், எழுத்தையும் ஓரத்தையும் இங்க்ஸ்கேப்பில் வைக்கிறோம். எழுத்து வரைகோடாக இருப்பதால் எவ்வளவு பெரிதாக்கினாலும் கூர்மை போகாது. பின்னணிப் படம் பத்தடி தூரத்தில் நின்று பார்ப்பதுதானே.

செல்லூர் எடிட்டர்

வீடியோக்காரன் சார்பாக ஒரு சின்னக் குறிப்பு. மதுரைப் பக்கம் கல்யாண வீடியோ எல்லாம் பெரும்பாலும் எடியஸ் என்ற எடிட்டிங் மென்பொருளில்தான், அதை யாரும் இன்று நாளைக்குள் விட மாட்டார்கள். நான் ரீல்ஸுக்கும் சின்ன வேலைகளுக்கும் கேடென்லைவ் என்ற கட்டற்ற எடிட்டரைப் பயன்படுத்துகிறேன், போதுமானதாக இருக்கிறது. டாவின்சி ரிசால்வை லினக்ஸில் இலவசமாகப் போடலாம் என்று நினைப்பவர்கள் கவனிக்க: அதன் இலவசப் பதிப்பு லினக்ஸில் எச்.264 வீடியோவைத் திறக்காது. நம் கேமரா, போன் எல்லாம் பெரும்பாலும் தருவது அதுதான். அதோடு அது கட்டற்ற மென்பொருளும் இல்லை.

ஆனால் ஒன்றை யாரும் கவனிக்கவில்லை. கல்யாண நேரலை, கோயில் திருவிழா நேரலை என்று நாம் எல்லாரும் ஓட்டுவது ஓபிஎஸ். அது கட்டற்ற மென்பொருள். 'ஃப்ரீயா கிடைக்கிறது தரமா இருக்காது' என்று சொல்கிறவரும் சித்திரைத் திருவிழாவை அதில்தான் யூடியூபுக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறார்.

மேலூர் மாணவி

வணக்கம். பிளஸ் டூ முடித்திருக்கிறேன். டிசைன் கற்றுக்கொள்ள ஆசை. கணினிப் பயன்பாடுகள் புத்தகத்தில் பேஜ்மேக்கர் படித்தேன். வீட்டில் மடிக்கணினி பழையது. ஒரு இன்ஸ்டிடியூட்டில் கேட்டால் போட்டோஷாப், கோரல் சொல்லித் தருகிறோம், 'சாஃப்ட்வேர் நாங்களே போட்டுத் தருகிறோம்' என்கிறார்கள். கட்டற்ற மென்பொருள் மட்டும் படித்தால் மதுரையில் வேலை கிடைக்குமா? உண்மையைச் சொல்லுங்கள்.

கணினி ஆசிரியர், உசிலம்பட்டி

தங்கச்சி, நல்ல கேள்வி. இன்றைக்கு மதுரையில் கடைக்கு வேலைக்குப் போனால் கோரல் தெரியுமா என்றுதான் முதலில் கேட்பார்கள். அதை மறைக்க முடியாது.

ஆனால் பேஜ்மேக்கர் கதையைப் பார். அதன் கடைசிப் பெரிய பதிப்பு 7.0 வந்தது 2001-இல். நீ பிறப்பதற்கு முன்பு. அதைப் பாடமாகப் படித்ததில் உனக்கு என்ன மிச்சம்? பட்டன் எங்கே இருக்கிறது என்பது மிச்சம் இல்லை. பக்க அளவு, ஓரம், பத்தி, எழுத்து அளவு, வரி இடைவெளி என்று புரிந்துகொண்டதுதான் மிச்சம். அதை ஸ்கிரைபஸிலும் படிக்கலாம், இங்க்ஸ்கேப்பிலும் படிக்கலாம். அவற்றை உன் பழைய மடிக்கணினியில் இன்றைக்கே, யாரிடமும் கேட்காமல், சட்டப்படி போட்டுக்கொள்ளலாம். வீட்டில் இரவு பதினோரு மணிக்கும் பழகலாம். அடிப்படை வந்துவிட்டால் கோரல் ஒரு மாதத்தில் வரும்.

ஸ்கிரைபஸ் போடும்போது 1.6 அல்லது அதற்குப் பின் வந்ததைப் போடு. பழைய 1.4-இல் தமிழ் உடையும், கொம்பு இடம் மாறும். 1.5.3-இல்தான் சிக்கலான எழுத்துமுறைகளுக்கு ஆதரவு வந்தது, 2024 ஜனவரியில் 1.6 நிலையான பதிப்பாக வந்தது. கட்டற்ற மென்பொருள் பற்றித் தமிழிலேயே படிக்க 2012-இலிருந்து கணியம் என்ற இணைய இதழ் இருக்கிறது.

தட்டச்சு தமிழ்99 விசைப்பலகையில் பழகு. நாங்கள் எல்லாம் டைப்ரைட்டிங் லோயர், ஹையர் பாஸ் செய்து கொம்பை முதலில் தட்டிப் பழகியவர்கள், மாறக் கஷ்டப்பட்டோம். உனக்கு அந்தச் சுமை இல்லை. பழைய தட்டச்சு முறைதான் வரும் என்கிறவர்கள் கவலைப்பட வேண்டாம். லினக்ஸில் எம்17என் என்ற உள்ளீட்டுத் தொகுப்பு வழியாகத் தட்டச்சு அமைப்பு, தமிழ்99 இரண்டும் கிடைக்கின்றன. விண்டோஸில் இ-கலப்பை, என்எச்எம் ரைட்டர்.

சிம்மக்கல் கோரல்

அந்தத் தங்கச்சிக்கு நானும் ஒன்று சொல்கிறேன். 'நாங்களே போட்டுத் தருகிறோம்' என்றால் அது உடைத்த பிரதிதான். நானும் பல வருடம் அப்படித்தான் ஓட்டினேன். இரண்டு வருடத்துக்கு முன்னால் அப்படி இறக்கிய ஒரு கோப்போடு வைரஸ் வந்து ஹார்டு டிஸ்க் முழுவதையும் பூட்டிவிட்டது. பணம் கேட்டுத் திரையில் எழுதி வந்தது. கொடுக்கவில்லை. ஒன்பது வருட வேலை போனது. சிலருக்கு அவர்கள் கல்யாணப் பத்திரிகையின் ஒரே பிரதி என்னிடம்தான் இருந்தது. அதற்கப்புறம்தான் காசு கொடுத்து உரிமம் வாங்கினேன். ஆகவே எனக்கு இந்த இழையில் அக்கறை அதிகம்.

அண்ணே, அஃபினிட்டி என்ற டிசைன் மென்பொருள் இப்போது இலவசம் ஆகிவிட்டதே, அது எப்படி?

கீழமாசிவீதி டிடிபி

தம்பி, அந்த ஒன்பது வருடத்தைப் படிக்கவே மனசு கஷ்டமாக இருக்கிறது.

அஃபினிட்டியைக் கேன்வா 2024-இல் வாங்கியது, 2025 அக்டோபரில் இலவசம் ஆக்கியது. நல்ல கருவி, பயன்படுத்துகிறவர்களைக் குறை சொல்லவில்லை. ஆனால் இலவசம் வேறு, கட்டற்றது வேறு. இன்று இலவசம் என்று முடிவு செய்தது ஒரு கம்பெனி. நாளைக்கு மாற்றி முடிவு செய்ய அவர்களுக்கு உரிமை உண்டு. அடோபியும் முன்பு போட்டோஷாப் அடங்கிய கிரியேட்டிவ் சூட்டைப் பெட்டியில் வைத்து விற்றுக்கொண்டுதான் இருந்தது. 2013 மே மாதம் இனிப் புதிய பதிப்பு சந்தாவில் மட்டும்தான் என்று அறிவித்தது. நம்மை யாரும் கேட்கவில்லை, கேட்க வேண்டிய கட்டாயமும் அவர்களுக்கு இல்லை.

கட்டற்ற மென்பொருளில் மூல நிரலே வெளியே கிடக்கிறது. செய்தவர்கள் விட்டுவிட்டாலும் இன்னொருவர் எடுத்து ஓட்டலாம். இங்க்ஸ்கேப்பே அப்படிப் பிறந்ததுதான், 2003-இல் சோடிபோடி என்ற மென்பொருளிலிருந்து பிரிந்து வந்தது. முப்பரிமாண அனிமேஷன் செய்யும் பிளெண்டரின் கதை இன்னும் பெரிது. கம்பெனி மூடிய நிலையில், 2002-இல் உலகம் முழுக்க இருந்த பயனர்கள் ஏழு வாரத்தில் ஒரு லட்சம் யூரோ திரட்டி அதன் நிரலை விடுவித்தார்கள். அதில் செய்த ஒரு லாட்விய அனிமேஷன் படம் 2025-இல் ஆஸ்கர் வாங்கியது.

சும்மா கிடைக்கிறது என்று எடுத்துக்கொண்டு போய்விடவும் கூடாது. சந்தாவில் மிச்சமான பணத்தில் ஒரு பகுதியைப் பொங்கலுக்குப் பொங்கல் இங்க்ஸ்கேப்புக்கும் ஸ்கிரைபஸுக்கும் அனுப்புவது என்று கடையில் முடிவு செய்திருக்கிறோம்.

உரிமம் உங்களிடம் இருக்கும்போதே ஒன்று செய்துவிடுங்கள். பழைய கோரல் கோப்பு ஒவ்வொன்றையும் கோரலிலேயே திறந்து, எழுத்துரு சரியாக இருக்கிறதா என்று பார்த்து, ஒரு பிடிஎஃப்பும் ஒரு எஸ்விஜியும் எடுத்து வையுங்கள். இங்க்ஸ்கேப்பும் லிப்ரேஆபீஸ் டிராவும் கோரல் கோப்பைத் திறக்கும்தான். ஆனால் கிளிப்பும் நிழலும் சில சமயம் கலையும். பேஜ்மேக்கர் கோப்புகளைக் கூட ஸ்கிரைபஸ் திறக்கிறது. எனக்கு 2004 பில் புக் ஒன்று அப்படித் திரும்பக் கிடைத்தது. எழுத்து பழைய வானவில் வரிசைதான், ஆனால் கோடு, கட்டம், அளவு எல்லாம் அப்படியே இருந்தன.

சிம்மக்கல் கோரல் (மூன்று வாரம் கழித்து)

அண்ணே, ஒரு வேலை முழுக்கச் செய்து பார்த்துவிட்டேன். ஒரு ஹார்டுவேர் கடை பில் புக், டெம்மி தாளில் கால் அளவு, இரண்டு நிறம். வரைந்தது இங்க்ஸ்கேப், முடித்தது ஸ்கிரைபஸ். கப்பலூர் அண்ணன் சொன்னபடி நிறப் பட்டியலில் கறுப்பை மாற்றினேன். பிளேட் சுத்தமாக வந்தது என்று அச்சகத்தில் சொன்னார்கள். நேரம் கோரலைவிட இரண்டு மடங்கு ஆனது. பையன் முதல் நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்தான், மூன்றாம் நாள் அவனே கோரல் குறுக்குவிசையைக் கண்டுபிடித்து எனக்குச் சொல்லிக் கொடுத்தான்.

மண்டப ஃபிளெக்ஸ் இன்னும் கோரலில்தான். அதை ஆடி வரட்டும் என்று வைத்திருக்கிறேன்.

மெய்ப்பு அக்காவுக்கு நன்றி. கடைக்காரர் பெயரில் சௌந்தரபாண்டியன் இருந்தது. தேடியிருக்காவிட்டால் ஐம்பது புத்தகத்திலும் தப்பாகப் போயிருக்கும்.

மெய்ப்பு அக்கா

அந்தப் பில் புக் ஒன்றைப் படம் எடுத்துப் போடுங்கள் தம்பி, இரசீது எண் பக்கத்தையும் சேர்த்து. பார்க்க ஆசையாக இருக்கிறது.

கீழமாசிவீதி டிடிபி

தம்பி, சந்தோஷம். வேகம் வரும்.

செல்லூர்க்காரர் போன வாரம் கடைப்பக்கம் வந்தார். இந்தத் தடவை போஸ்டருக்கு இல்லை, பேத்தி காதணி விழாவுக்கு. அப்பாவின் நினைவு அஞ்சலிக் கோப்பைத் திறந்து, அதிலிருந்து உறவினர் பெயர் அத்தனையையும் அப்படியே எடுத்துப் பத்திரிகையில் ஒட்டினேன். புதிதாகப் பிறந்த இரண்டு பேரை மட்டும் சேர்க்கச் சொன்னார். நான் டீ சொல்லிவிட்டு வருவதற்குள் பையன் புரூஃப் எடுத்துக் கையில் கொடுத்துவிட்டான்.